பங்குனியில் எழுதிய பதில்

இந்த வருஷம் எழுத்துப் பயிற்சி வகுப்பை எடுக்க வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் முதலில் என் அனுதாபங்கள். அந்த வகுப்போடு மல்லுக்கட்டித்தான் நானும் ஓய்வு பெற்றேன். பாடம் நடத்துவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பிளாக் தொடங்குவது எப்படி, படம் சேர்ப்பது எப்படி என்றெல்லாம் நான் விளக்க ஆரம்பித்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். கடைசியில் வருகிறதே ஒரு தன்மதிப்பீடு, அதை எப்படி எழுத வைப்பது, எப்படித் திருத்துவது என்று மட்டும் எழுதித் தரும்படி துறையில் கேட்டார்கள். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்வதுதான்.

பயிற்சி உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டாம் ஆண்டின் பின்பாதியில் மாணவர்கள் வகுப்பு பிளாகில் எழுத ஆரம்பிப்பார்கள். தன் ஊர், தன் வீட்டுத் தொழில், தன் தெரு, எதுவானாலும் சரி. ஒருவர் எழுதியதில் மற்றவர்கள் கமெண்ட் போட வேண்டும், எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டின் நடுவில், தான் எழுதிய பதிவு, போட்ட கமெண்ட், கொடுத்த பதில் எல்லாவற்றையும் உட்கார்ந்து மறுபடி வாசித்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று எழுதித் தர வேண்டும். பதிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிடுவார்கள். கமெண்டைப் பற்றிக் கேட்டால், "அது சும்மா கமெண்டுதானே மிஸ்" என்பார்கள். அந்தச் 'சும்மா'வைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று வரும்.

பிளாகை வெளியார் படிக்காதபடி பூட்டி வைக்கச் சொல்லித் துறையில் பலமுறை சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தெரியாத ஒருவர் படிப்பார் என்ற பயம் இல்லாமல் எழுதினால் கை எப்படித் திருந்தும்? இன்னொரு விதியும் வைத்திருந்தேன். தன்மதிப்பீட்டை அறிவித்த நாளிலிருந்து மார்க் போடும் வரை பிளாகில் எதையும் அழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது, புதிதாகச் சேர்க்கவும் கூடாது. மீறினால் முட்டை. இந்த விதிக்குக் காரணம் பூதப்பாண்டியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பையன். தன் எழுத்தில் ஒரு குறையும் காணவில்லை என்று அவன் மதிப்பீட்டில் எழுதியிருந்தான். உண்மைதான். முந்தின வாரம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் வெள்ளையடித்திருந்தான். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நான் சொல்லப்போகும் வகுப்பில் ரெஜின் என்று ஒருவன் இருந்தான். யார் என்ன எழுதினாலும் 'சூப்பர்' என்று ஒற்றை வார்த்தையில் கமெண்ட் போடுவான். தாத்தா இறந்ததைப் பற்றி ஒரு பெண் உருகி எழுதியதற்கும் சூப்பர். "ஏலே, செத்த வீட்டுல போயும் சூப்பர்னு சொல்லுவியா?" என்று கேட்டேன். "எழுத்து சூப்பர்னு சொன்னேன் மிஸ்" என்றான் கூசாமல். கம்ப்யூட்டர் சமாசாரத்தில் கெட்டிக்காரன். பிளாகில் எது பழுதானாலும் அவனைத்தான் கூப்பிடுவேன்.

அஜிதா அவனுக்கு நேர் எதிர். திற்பரப்புப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து நாகர்கோவிலுக்கு வருவாள். அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. அதிகம் பேச மாட்டாள், எழுத உட்கார்ந்தால் கை நிற்காது. பங்குனி வெயிலில் அவள் ஒரு பதிவு எழுதினாள். திற்பரப்பு அருவிக்கு மேலே கோதையாற்றில் ஒரு கயம் இருக்கிறது. கயம் என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் ஆற்று மடு. பால் வெட்டி முடித்த அப்பாவும் அவளும் அங்கே போய்க் கையிலும் காலிலும் ஒட்டிய ரப்பர் பாலை உரித்து உரித்துக் குளிப்பதைத்தான் எழுதியிருந்தாள். அந்த வருஷம் எங்கள் பிளாகில் வெளியார் அதிகம் படித்தது அதைத்தான். எனக்கும் பெருமையாக இருந்தது.

அதற்குக் கீழே, முன்பின் தெரியாத ஒருவர், இந்த இடம் எங்கே இருக்கிறது, குடும்பத்தோடு வரலாமா என்று கேட்டிருந்தார். அஜிதா பதில் போட்டிருந்தாள்: 'அருவிக்குப் போகும் வழியில் ஒரு குருசடி (சிலுவை வைத்த சிறு கோயில்) வரும். அதை ஒட்டிய மண்பாதையில் இறங்கி ரப்பர் தோட்டம் வழியாக நடந்தால் கயம். பரந்த பாறை இருக்கிறது. ஓரத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான், சிறு பிள்ளைகள்கூட இறங்கலாம். கூட்டமே இருக்காது.' வகுப்பில் அந்தப் பதிலை நானே எடுத்துக்காட்டிப் பாராட்டினேன். கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறாள், வழியும் தெளிவாக இருக்கிறது என்றேன்.

ஐப்பசி வந்தது. அந்த வாரம் முழுக்க மழை. சனிக்கிழமை காலையில் மழை வெறித்து வெயிலே அடித்தது. தன்மதிப்பீட்டுக்காகக் கம்ப்யூட்டர் அறையில் வகுப்பு வைத்திருந்தேன். எல்லோரும் தங்கள் பழைய எழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தும் தமக்குள் சிரித்தும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏதோ தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அஜிதா என் மேஜைப் பக்கம் வந்து நின்றாள்.

"மிஸ், எனக்க ஒரு கமெண்ட அழிக்கணும்."

நான் நிமிரவில்லை. "ஒண்ணையும் தொடக் கூடாதுன்னு சொன்னேம்லா. போய் இரி."

அவள் போகவில்லை. "மார்க்கு வேண்டாம் மிஸ். முட்ட போட்டாலும் போட்டுக்கிடுங்க. எனக்கு இத அழிக்கணும்."

குரல் சரியில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். "என்ன மக்கா, என்ன ஆச்சு?" என்று எழுந்து அவளோடு போனேன். தன் திரையைக் காட்டினாள். பங்குனியில் அவள் எழுதிய பதிலுக்கு அடியில், முந்தின நாள் சாயங்காலம் அந்த மனிதர் எழுதியிருந்தார்: 'ரொம்ப நன்றி தங்கச்சி. நாளைக்கு விடியற்காலை விருதுநகரிலிருந்து கிளம்புகிறோம். அருவியில் குளிக்கத் தடை என்று செய்தியில் சொன்னார்கள். அதனால் நீங்கள் சொன்ன கயத்துக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம்.'

"மிஸ், இன்னைக்கு டேம் தெறக்கியாவ. காலம்பற மைக்கு கெட்டி ஆட்டோ போச்சு. ஆத்துல ஆரும் இறங்காண்டாம்னு சொல்லிட்டுப் போனாவ. அம்மாதான் சொன்னா."

எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நீங்கள் வெளியூரிலிருந்து வந்திருந்தால் தெரிந்துகொள்ளுங்கள். மலையில் மழை பெய்து அணை நிரம்பினால் உபரித் தண்ணீரை ஆற்றில் விடுவார்கள். கீழே வானம் தெளிந்திருக்கும், வெயில் அடிக்கும், ஆறு சாதாரணமாக ஓடும். தண்ணீர் மேலேயிருந்து வரும். ஆற்றங்கரைக்காரர்கள் ஆட்டோ சத்தம் கேட்டதும் துணி துவைப்பதை நிறுத்திவிட்டு ஏறிவிடுவார்கள். விருதுநகர்க்காரருக்கு என்ன தெரியும்? வெயிலைப் பார்த்து, நல்ல நாளாகத்தான் வந்திருக்கிறோம் என்று சந்தோஷப்படுவார். அந்தக் கயத்தில் கால் தவறினால் அடுத்தது அருவிதான்.

விஷயம் ஒரு நொடியில் அறை முழுக்கப் பரவிவிட்டது. சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து துறைத் தலைவர் வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த மனிதர். குனிந்து திரையைப் படித்தார்.

"மேடம், முதல்ல அதத் தூக்குங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, இந்தக் காலேஜ்ல படிக்கிற பிள்ள எழுதினதப் பாத்துதான் போனாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். அந்தப் பிள்ளைக்கும் கெட்ட பேரு."

அவர் சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியாது. என் கையும் அந்த அழிக்கும் பொத்தானைத்தான் தேடியது. அஜிதாவும் அதைத்தான் கேட்டாள். நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள், உங்கள் காதிலும் யாராவது, முதலில் அதை எடுங்கள் என்பார்கள். அந்த நேரத்தில் அது மட்டும்தான் புத்தியாகத் தோன்றும்.

தடுத்தவன் ரெஜின். "சார், அத அழிச்சா அதுக்கு கீழ அவரு போட்டதும் சேந்து போயிரும். பொறவு அவரப் புடிக்க நமக்கு வேற வழி கெடையாது."

உண்மை. அந்த மனிதரின் போன் நம்பர் எங்களிடம் இல்லை. பேர்கூட முழுசாக இல்லை. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது அந்த மூன்று வரிக் கமெண்ட் ஒன்றுதான். "அதுக்குக் கீழ பதில் போட்டா அவருக்குப் போகுமா?" என்று கேட்டேன். "பதில் வந்தா சொல்லணும்னு அவரு டிக் போட்டிருந்தாருன்னா போனுல சத்தம் வரும் மிஸ். போட்டிருக்காரா இல்லியான்னு நமக்குத் தெரியாது" என்றான். நான் துறைத் தலைவரைப் பார்த்து, "எதையும் அழிக்க வேண்டாம் சார். பேப்பர்ல வந்தா வரட்டும். நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

பின்வரிசையில் ஒருவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "நான் போயிட்டு வாறேன் மிஸ்." நாகர்கோவிலிலிருந்து அவன் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஈர ரோட்டில் அவன் பறக்கிற பறப்பில் இன்னொரு வீட்டிலும் அழுகைச் சத்தம் கேட்கும். "சாவிய மேசையில வையிலே" என்றேன். முறைத்துக்கொண்டே வைத்தான். நான் தீயணைப்பு நிலையத்துக்கு அடித்தேன். அருவிப் பக்கம் ஆள் நிற்கிறார்கள், மேலே அனுப்புகிறோம், ஆனால் அந்த மண்பாதையைக் கண்டுபிடித்துப் போக நேரமாகும் என்றார்கள். குருசடி அடையாளத்தைச் சொன்னேன். அதற்குள் அஜிதா அவள் பதிலைத் தட்டி முடித்து அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டாள்.

அவள் வீடு ஆற்றுக்கு இக்கரையில், கயமும் பாறையும் அக்கரையில். சுற்றி வரப் பாலம் தூரத்தில் இருக்கிறது. அப்பா பால் வெட்டப் போனால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர். அம்மாதான் எடுத்தாள். அஜிதா சொல்லி முடிக்கும் முன்னே அந்த அம்மாள் ஓட ஆரம்பித்துவிட்டாள் என்று மூச்சிலிருந்தே தெரிந்தது. அஜிதா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். அறையே அதைச் சுற்றி நின்றது.

"மக்களே, நான் கரையில வந்துட்டேன். அக்கரையில ஆளு இருக்கு. ஒரு ஆணு, ஒரு பொண்ணும்பிள்ள, ரெண்டு சின்னப் பிள்ளிய. பிள்ளிய வெள்ளத்துல, முட்டளவுத் தண்ணியில நிக்கிது."

யாரோ ஒரு பெண் வீரிட்டு அழுதாள். "வாய மூடுட்டி" என்று அதட்டினேன். அதட்டினால்தான் எனக்கும் அழுகை வராமல் இருந்தது.

"கூப்பிடும்மா! சத்தம் போட்டுக் கூப்பிடு!" என்றாள் அஜிதா.

"கூப்பிடுதேன்லா. ஆத்துக்க எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல்ல. கையக் காட்டுதேன்... ஏறுங்க, ஏறுங்கன்னு காட்டுதேன்... ஐயோ, அதுவளும் திரும்பக் கையக் காட்டுதுவ! சிரிக்குதுவ மக்களே!"

அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கையாட்டுவதை நான் கண்ணால் பார்க்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் பார்த்த மாதிரியே இருக்கிறது. இக்கரையில் ஒரு பொம்பளை புடவை முந்தானையை வீசிக் கதறுகிறாள், ஊர்க்காரர்கள் நல்லவர்கள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

"அம்மா, அந்தப் பொம்பள கையில போன் இருக்கா பாரு."

"பாறை மேல இருக்கா. மடியில பை வச்சிருக்கா. இப்பம் பையிலேருந்து என்னமோ எடுக்கா... போனுதான். பாக்கா."

அந்த ஆள் டிக் போட்டிருக்கிறார், தன் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறார், பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

"உள்ள வச்சிட்டா மக்களே. பாத்துட்டு பையில வச்சிட்டா."

ஏன் வைத்தாள்? நான் அஜிதாவின் திரையைக் குனிந்து பார்த்தேன். அவள் அனுப்பியிருந்தது இது: 'வணக்கம் அண்ணா. தங்கள் வருகை குறித்து மிக்க மகிழ்ச்சி. நான் பங்குனி மாதத்தில் அளித்த பதிலில் தற்போது ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது...' அதற்குப் பிறகு இரண்டாவது பத்தியில்தான் அணையும் தண்ணீரும் வந்தன. வெளியாருக்கு எழுதும்போது வணக்கம் சொல்ல வேண்டும், பின்னணியைச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் எங்கள் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பதற்றத்திலும் பிள்ளை பாடத்தை மறக்கவில்லை. போன் திரையில் தெரிவது முதல் சில வார்த்தைகள்தான். வணக்கம் அண்ணா, மகிழ்ச்சி என்று பார்த்தால் யார்தான் திறந்து படிப்பார்கள்?

"எல்லாரும் இருங்க! அவனவன் கம்ப்யூட்டர்ல அதே எடத்துல பதில் போடுங்க. வணக்கம் வேண்டாம், அண்ணா வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். முதல் வார்த்தை இறங்காதீங்க. அடுத்தது டேம் தண்ணி வருது. அவ்வளவுதான். போட்டவன் திரும்பவும் போடு!"

முதலில் விழுந்தது ரெஜினுடையது. 'இறங்காதீங்க. டேம் தண்ணி வருது. பிள்ளைகளை ஏத்துங்க.' அந்த பிளாகில் அவன் எழுதியதிலேயே மிக நீளமான கமெண்ட் அதுதான். அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று. விசைகளின் சத்தம் ஆலங்கட்டி மழையாக இருந்தது. துறைத் தலைவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தார். அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேயே போய்விட்டது.

"என்னம்மா? என்ன செய்யிதா?"

"பையத் தொறக்கா... திரும்பவும் பாக்கா..."

போனில் ஆற்று இரைச்சல் மட்டும் கேட்டது.

"எந்திச்சிட்டா! எந்திச்சி என்னயப் பாக்கா. ஏறு தாயே, ஏறு! ஏறு! ... பிள்ளியள விளிக்கா. மாப்பிள்ளைக்கிட்ட போனக் காட்டுதா. அவன் மேல வானத்தக் காட்டுதான், ஒண்ணும் இல்லேங்கான்... இவ கேக்கல்ல, பிள்ளியள ரெண்டையும் கையப் புடிச்சி இழுத்துட்டுப் போறா. ஏறிட்டா. பாறைய விட்டு ஏறிட்டா மக்களே."

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நான் கையைக் காட்டி அடக்கினேன், போனில் அந்த அம்மாளின் குரல் மாறிவிட்டிருந்தது.

"அந்த ஆணு திரும்பவும் இறங்குதான். பாறையில சாப்பாட்டுத் தூக்குவாளி இருக்கு, அத எடுக்க இறங்குதான். ஏய்! போவாத! ஏய்! வெள்ளத்துக்க நெறம் மாறுது மக்களே, செவப்பா வருது, சருகும் கம்புமா வருது..."

அஜிதா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, கூப்பிடும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பொண்டாட்டி சட்டையப் புடிச்சி இழுக்கா... இழுத்துட்டா... ரெண்டு பேரும் மேட்டுல விழுந்து கெடக்காவ. தூக்குவாளி போவுது. மக்களே, பாறை இல்ல. அந்தப் பாறையே இல்ல இப்பம்."

அஜிதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அஜிதாவின் அம்மா போனை வைக்காமல் ஆற்றங்கரையில் நின்று அழுதுகொண்டிருந்தாள், இங்கே பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். ரெஜின் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். "போதும்லே" என்றேன். "அவிய ரோட்டுக்குப் போற வரைக்கும் போடுதேன் மிஸ்" என்றான்.

சாயங்காலம் அந்த மனிதர் ஒரு கமெண்ட் போட்டார். பத்திரமாக இருக்கிறோம், நான்கு பேரும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தார். வரிசையாக அறுபது எழுபது 'இறங்காதீங்க' கிடந்த இடத்துக்கு அடியில் அது இருந்தது. என் மனைவி உங்கள் ஒவ்வொருவர் பேரையும் சத்தமாக வாசித்துக்கொண்டே வருகிறாள் என்றும் எழுதியிருந்தார். அவ்வளவுதான். அஜிதாவைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை.

திங்கட்கிழமை துறைத் தலைவர் மறுபடி கேட்டார். ஆபத்து போய்விட்டதே, இப்போதாவது அதை அழித்துவிடலாமா என்று. நியாயமான கேள்விதான். முடிவை அஜிதாவிடம் விட்டேன். அவள், "வேண்டாம் மிஸ். அழிச்சா அந்த வழி இல்லன்னு ஆயிருமா? குருசடியும் அங்கதான் இருக்கு, பாதையும் அங்கதான் இருக்கு. போறவிய போவத்தான் செய்வாவ. நான் எழுதினது கெடக்கட்டும், அதுக்குக் கீழயே எச்சரிக்கையும் கெடக்கட்டும்" என்றாள். "விதிய மீறினதுக்கு முட்ட போடவா?" என்று சீண்டினேன். "போடுங்க மிஸ்" என்றாள், சிரிக்காமல்.

அவள் எழுதித் தந்த தன்மதிப்பீடு ஒரு பக்கம்கூட இல்லை. பதிவைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அந்தப் பதிலைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாள். 'நான் பொய் எழுதவில்லை. பங்குனியில் தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆனால் ஐப்பசியிலும் அதை ஒருவர் படிப்பார் என்று நினைக்காமல் எழுதினேன். நான் மறந்த பிறகும் என் பதில் அங்கே நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தது.' நான் முழு மார்க் போட்டேன். துறைத் தலைவரும் கையெழுத்துப் போட்டார்.

அதனால்தான் உங்களுக்கு இதைச் சொல்கிறேன். தன்மதிப்பீட்டுக்கு உட்காரும் பிள்ளைகளிடம், நன்றாக எழுதியிருக்கிறாயா, பிழையில்லாமல் எழுதியிருக்கிறாயா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். உன் வார்த்தையை நம்பி இன்றைக்கு ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். சும்மா போட்ட கமெண்டுகளை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். நான் வைத்த அந்த விதியையும் வைத்துக்கொள்ளுங்கள், அதை எப்போது தூக்கிப் போட வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அழிக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், படித்துவிட்டுப் போனவரை அது திரும்பக் கூப்பிடுமா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அஜிதா இப்போது வளைகுடாவில் இருக்கிறாள். கல்யாணம் ஆகிக் குழந்தையும் இருக்கிறது. பிளாக் இன்னும் இருக்கிறது, நீங்கள் போய்ப் பார்க்கலாம். மழைக்காலம் தொடங்கியதும் அவள் அங்கிருந்து அம்மாவுக்குப் போன் செய்து ஆற்றைப் பார்த்து வரச் சொல்லுவாள். கேட்டதைத் தன் பழைய பதிலுக்குக் கீழே ஒரு வரியாகப் போடுவாள். ஒரு வருஷமும் விட்டதில்லை. யாரும் கேட்பதில்லை, மார்க்கும் இல்லை. இதை எழுதி முடித்துவிட்டு நானும் திறந்து பார்த்தேன். இந்த வருஷத்து வரி வந்திருக்கிறது.

'இறங்காதீங்க. அம்மா இப்பதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பாறை தெரியவில்லை.'